மூணாம் கூண்டு மாப்பிள்ளை

ஓசூர்
5.11.2024

மாண்புமிகு அஞ்சலாட்சி பலராமன் அவர்களுக்கு,

ஓசூரிலிருந்து மாலா எழுதுவது. தாங்கள் மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்: தங்கள் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி. தீபாவளிக்கு மறுநாள் ஆசையாகப் போன் பண்ணி, "இனிமே இந்த வூட்டுக்குப் போன் பண்ணாதடி, உன் கொரலே இங்க கேக்கக் கூடாது" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

சரி, கேட்காது. உங்கள் நம்பரை ப்ளாக் பண்ணிவிட்டேன், வாட்ஸ்அப்பிலும்தான். எனக்கும் ரோஷம் இருக்கிறது. அது நம் குடும்பச் சொத்து, அப்பா உங்கள் பெயருக்கு மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது, அதனால் தபாலில் எழுதுகிறேன். காகிதத்துக்குக் குரல் கிடையாதே, உங்கள் வீட்டுக்குள் வரலாம் அல்லவா?

இந்த 'உங்கள்' எல்லாம் எழுதக் கை கூசுகிறது. அக்கா, நான் அப்படி என்ன கேட்டுவிட்டேன்? ஏட்டு குரலைக் கேட்க வேண்டும் என்றேன். நீதானே போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் கூண்டுக்குப் பக்கத்தில் பிடித்தாய்? "ஏட்டய்யா, டீ போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். அந்தப் பக்கம் ஒரே அலறல், இறக்கை அடிக்கிற சத்தம், அப்புறம் உன் திட்டு, டொக்கென்று கட். ஒரு விளக்கம் கிடையாது.

ஏட்டு யார் என்பதையும் நினைவுபடுத்திவிடுகிறேன், இந்த ரெண்டு வருஷத்தில் உனக்கு அது மறந்துபோயிருக்கும். உன் மாடியில் பொரிந்த ஆப்பிரிக்கன் கிரே கிளிக்குஞ்சு. தாய்ப்பறவை முட்டைப் பெட்டியை விட்டு வெளியே தள்ளிய குஞ்சு. "இது தேறாதுடி, வேணும்னா நீ கொண்டுபோய்ப் பாரு" என்று ஐஸ்க்ரீம் டப்பாவில் போட்டுக் கொடுத்தாய். உங்கள் பக்கம் சாரத்தில் இருந்த வாடகை வீட்டில், என் வீட்டுக்காரர் தமிழ்மாறன் நைட் ஷிப்டுக்குப் போய்விட, அலாரம் வைத்து எழுந்து சிரிஞ்சில் கஞ்சி ஊட்டி ஊட்டி அவனைத் தேற்றினேன். சாம்பல் நிறச் சட்டை, வால் மட்டும் நம் ஊர் போலீஸ் தொப்பி போலச் சிவப்பு. அதனால் ஏட்டு என்று பேர் வைத்தேன். குக்கர் மூணாவது விசில் அடிக்கும் முன்பே அவன் அடிப்பான். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு பென்ஷன் தாத்தா முந்திரி கொடுத்தால் "மெர்சி" என்று அவர் பாஷையில் நன்றி சொல்வான். நான் துணி காயப் போடும்போது தோளில் உட்கார்ந்து காதோரம் முடியைக் கோதுவான். அந்த வீட்டில் எனக்கு இருந்த துணை அவன்தான்.

ஓசூர் கம்பெனி குவார்ட்டர்ஸில் பறவை கூடாது என்றதால் உன்னிடம் விட்டேன். "பாத்துக்கோ" என்றுதான் சொன்னேன். பெண் பார்க்கச் சொல்லவில்லை. மாமா வாய்தவறிச் சொன்ன பிறகுதான், அவனை மூணாம் கூண்டில் ஒருத்தியோடு ஜோடி போட்டிருக்கிறாய் என்பதே எனக்குத் தெரிகிறது. ஊட்டி வளர்த்தவளுக்கு ஒரு பத்திரிகை கூட வைக்கவில்லையே!

இப்போது எங்களுக்குச் சொந்த வீடு வந்துவிட்டது. கிழக்கு பார்த்த பால்கனி. தமிழ்மாறன் வலை அடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். பொங்கலுக்கு வருகிறேன், என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தயார் பண்ணி வை.

ரோஷமுள்ள,
மாலா


நெல்லித்தோப்பு
11.11.2024

மாலாவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நானும் மாமாவும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், அவ்வளவு வாய் இருக்கிறது.

விளக்கம் கேட்டாய். சொல்கிறேன். நீ பேசியதும் அவன் கம்பியிலிருந்து இறங்கி ஓடி வந்து வலையில் தொற்றினான். உடம்பைச் சிலுப்பினான். உன்னைத் தேடினான். நீ இல்லை, ஒரு போன்தான் இருந்தது. திரும்பினான், பின்னால் அவள் நின்றாள். அவ்வளவுதான். கூண்டு முழுக்கத் துரத்தினான். கால் விரலைக் கடித்துவிட்டான். அவள் தப்பிக்கப் பெட்டிக்குள் விழுந்த வேகத்தில் முதல் நாள் வைத்த முட்டை உடைந்தது. முதல் முட்டை மாலா. மாசக்கணக்கில் நான் காத்திருந்த முட்டை. அந்த வயிற்றெரிச்சலில் வந்த வார்த்தைதான் அது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஏன் அப்படிச் செய்தான் என்று உனக்குப் புரியாது, நீ வளர்த்தது தோள் கிளி. நான் வளர்ப்பது பெட்டிக் கிளி. ரெண்டும் ஒரே ஜாதிப் பறவைதான், ஆனால் குணம் வேறு. தாய் தகப்பன் ஊட்டி வளர்ந்த பறவைக்கு மனுஷன் என்றால் தூரம். நான் மாடி ஏறினால் மற்ற நாலு கூண்டும் பெட்டிக்குள் ஓடிவிடும். தீனி வைத்துவிட்டு இறங்கினால்தான் வெளியே வரும். அதுங்களுக்கு நான் பேர் வைப்பதில்லை, தலை கோதுவதில்லை, பேச்சுக் கொடுப்பதில்லை. ரெண்டாம் கூண்டுக்காரி, நாலாம் கூண்டுக்காரன், அவ்வளவுதான் உறவு. உன் ஏட்டுக்கு மனுஷனிடம் பயமே கிடையாது. பயம் இல்லாதவன் ஜோடி சேர்ந்தால் ஓட மாட்டான், நேரே மூஞ்சிக்கு வருவான். மாமா காதில் ரெண்டு தையல். இப்போது ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் மூணாம் கூண்டுக்குத் தீனி வைக்கிறார். தெருவில் சிரிக்கிறார்கள்.

இன்னொன்று. கையால் ஊட்டி வளர்த்த ஆணுக்கு அவனை வளர்த்தவள்தான் பெண்டாட்டி. உன் குரல் கேட்டால் இங்கே இருப்பவள் அவனுக்குச் சக்களத்தி. எனக்கு ஸ்பீக்கரில் போடாமல் காது கேட்காது, உனக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அதனால்தான் போன் வேண்டாம் என்றேன்.

ஏன் ஜோடி போட்டாய் என்றும் கேட்டாய். நீ போன மூன்றாம் மாசம் அவன் தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்க ஆரம்பித்தான். உரித்த கோழி போல நின்றான். கொறிக்கிற கணவாய் ஓடு, பழம், பொம்மை, எதிலும் மனசு போகவில்லை. போன கோடையில் மூணாம் கூண்டுக்காரன் வெயிலில் செத்தான். அவளும் தனியாக நின்றாள். பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்தேன். மாசக்கணக்கில் முறைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இவன் கம்பி வழியாக அவளுக்கு இரை ஊட்டினான். அன்றைக்குத்தான் சேர்த்தேன். முடி முளைத்துவிட்டது.

நீ கேட்ட போதெல்லாம் அனுப்பிய வீடியோ, அவன் "டீ போட்டாச்சா" சொல்கிறது, தலையாட்டுகிறது, எல்லாம் நீ அவனை விட்டுவிட்டுப் போன புதுசில் எடுத்தது. முடி இல்லாமல் நிற்பவனை உனக்கு அனுப்ப மனசு வரவில்லை. இப்போது அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நேரமில்லை அவனுக்கு.

அவள் பெட்டிக்குள் இன்னும் சரியாகப் போகவில்லை. திரும்ப முட்டை வைத்தால் பொங்கலுக்கு அவன் வர முடியாது. வைக்காவிட்டால் பார்க்கலாம்.

அக்கா


ஓசூர்
18.11.2024

அக்கா,

பழைய வீடியோவா?

இந்த அபார்ட்மெண்டில் முதல் மாடியிலிருந்து நாலாம் மாடி வரை அத்தனை பேருக்கும் காட்டினேன். "பாருங்க, நேத்து எடுத்தது, என் அக்கா அனுப்புச்சு" என்று. லிப்டில் கூடக் காட்டினேன். ரெண்டு வருஷமாக என்னை ஏமாற்றியிருக்கிறாய். முடி பிடுங்கினான் என்றால் அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் வேலையை விட்டுவிட்டு வந்திருக்க மாட்டேனா? உனக்கு அதுதான் பயம். "நான் பாத்துக்கிறேன்"னு சொன்ன வாயால் "என்னால முடியல"ன்னு சொல்ல வரவில்லை. நெல்லித்தோப்பு கிளி டாக்டருக்குக் கௌரவம் குறைந்துவிடும்.

பெட்டிக் கிளி பெட்டிக் கிளி என்று பெருமை பேசுகிறாயே, மனுஷனைக் கண்டால் ஓடி ஒளிகிற பறவையை வளர்ப்பதில் என்ன பெருமை? அதைக் காடே வளர்க்குமே! தேறாது என்று நீ தூக்கிப்போட்டதைத் தேற்றி, அதற்கு நம்பிக்கை கொடுத்து, நம்மோடு ஒரு ஆளாக உட்கார வைப்பதுதான் பெருமை. என் ஏட்டு சாரத்தில் டாக்டர் ஊசி போட்டபோது கூடக் கடிக்கவில்லை. என் கழுத்தில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டான். அவனைக் கொண்டுபோய் மாமா காதைக் கடிக்கிறவனாக ஆக்கியிருக்கிறாய். வளர்த்த விதம் சரியில்லை என்று நீ என்னைச் சொல்கிறாய், நான் உன்னைச் சொல்கிறேன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, என்னுடையது கிரே குஞ்சு, கேட்கவா வேண்டும் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் ஒரு பந்தயம். பொங்கலன்று நான் மாடி ஏறி நிற்கிறேன். அவன் உன் மூணாம் கூண்டுக்காரியை விட்டுவிட்டு என்னிடம் வருகிறானா இல்லையா பார். வந்தால் கூட்டிக்கொண்டு போவேன். வராவிட்டால் உன் பறவை, உன் கூண்டு, நான் இனி வாயைத் திறக்க மாட்டேன்.

முட்டை உடைந்ததற்கு வருத்தம்தான். அவள் கால் விரல் எப்படி இருக்கிறது?

மாலா


நெல்லித்தோப்பு
20.12.2024

மாலா,

விரல் ஆறிவிட்டது. நகம் ஒன்று போனது போனதுதான்.

புயல் அன்றைக்கு நீ மாமாவுக்கு எத்தனை முறை போன் பண்ணினாய் என்று அவர் சொன்னார். மாடித் தகரம் ரெண்டு பறந்தது. உப்பளம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர். நம் தெருவில் முட்டி வரை நின்றது. மற்றபடி ஒன்றுமில்லை. இதை உனக்கு மாமாவே சொல்லிவிட்டார், ஆனால் ஏட்டு பற்றிக் கேட்டதற்கு "அக்கா தங்கச்சி நடுவுல வந்தா எனக்குத்தான் கடி, நான் வரல" என்று வைத்துவிட்டாராம். அதை நான் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே அவள் முட்டை வைத்தாள். அப்புறம் இன்னொன்று. நான் பெட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அவன் தீனி கொண்டுபோகிற வேகத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். அடை காக்கிற நடுவில்தான் புயல் வந்தது. மற்ற கூண்டுகளையெல்லாம் கீழே இறக்கினோம். மூணாம் கூண்டை மட்டும் அசைக்க முடியாது, அசைத்தால் முட்டையைக் கைவிட்டுவிடுவாள். தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி, மேலே சிமெண்ட் மூட்டை வைத்துவிட்டு இறங்கினோம். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பக்கத் தார்ப்பாய் கிழிந்து கிடக்கிறது. உன் ஏட்டு பெட்டி வாய்க்குக் குறுக்கே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். தண்ணீர் சொட்டுகிறது. வாய்க்கு அந்தப் பக்கம் அவள் காய்ந்த உடம்போடு உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் நனைந்த உடம்போடு மூஞ்சிக்குப் பாய்ந்தான் பார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் மாடியில் ஒரு ஆண் இப்படி நின்று நான் பார்த்ததில்லை. இவன் நீ ஊட்டியவன். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நியாயமில்லை.

பொரித்துவிட்டது. ரெண்டு. செவ்வாய்க்கிழமை முதல் சத்தம் கேட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊட்டுவது அவள், ஆனால் கொண்டுவந்து கொடுப்பது அவன். அவன் போய்விட்டால் அவள் தனியாக ரெண்டு வயிற்றை நிரப்ப மாட்டாள். குஞ்சுகளை நான் வெளியே எடுத்துக் கையால் ஊட்ட வேண்டிவரும். அப்படி வளர்ந்தால் அதுங்களும் தோள் கிளிதான், நாளைக்குப் பெட்டிக்கு ஆகாது. இங்கே இருக்கிற பெட்டிக் கிளியெல்லாம் வெளியே வாங்கியது; ஒரு ஜோடியாவது என் மாடியிலேயே தாய் தகப்பன் வளர்த்து வெளியே வந்தது என்று இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அது உனக்குத் தெரியாது, நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனாலும் பறவை உன்னுடையது. பொங்கலுக்கு வா. உன் பந்தயத்தையும் நான் தள்ளவில்லை. சொன்னதைக் கேட்டு வா: பால் பொங்கிய பிறகு நான் கூட்டிக்கொண்டு போகிறேன், தனியாக ஏறாதே. மாடியில் வாய் திறக்காதே. ஊமையாக வா. வலைக்குள் விரல் விடாதே.

அக்கா


ஓசூர்
28.12.2024

அக்கா,

ரெண்டா? ஒன்று அவன் ஜாடையா? சரி, கேட்கவில்லை.

வருகிறேன். பயணக் கூண்டு வாங்கிவிட்டேன், பெரியது, உள்ளே வேப்பங்குச்சி கம்பி வைத்தது. வாங்கியதைச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் பொய் வீடியோ அனுப்புவது உன் பழக்கம், என் பழக்கம் இல்லை. குஞ்சுகளுக்கு நான் கேடு நினைக்கவில்லை. ஆனால் ரெண்டு வருஷமாக அவன் என்னைத் தேடித்தானே முடியைப் பிடுங்கினான்? அதற்குப் பதில் யார் சொல்வது? எனக்கு அவன் வேண்டும் அக்கா. இதைவிட நேராக எழுத எனக்குத் தெரியவில்லை.

ஊமையாகவே வருகிறேன். உன் நிபந்தனை எல்லாம் சரி.

மாலா


நெல்லித்தோப்பு
19.1.2025

மாலா,

நீ செய்தது உனக்கே நன்றாக இருக்கிறதா?

பால் பொங்கட்டும் என்றேன். நான் அடுப்படியில் நிற்கும்போதே ஏறிவிட்டாய். பால் பொங்கி "பொங்கலோ பொங்கல்" சொல்லத் திரும்பிப் பார்க்கிறேன், மேலே கூண்டு அதிர்கிறது, கத்தல். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வருவதற்குள் நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாய். "மாலா, மாலா" என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. மாமா வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார், நீ கிடைக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக ஒரு கரண்டிப் பொங்கல் வாயில் வைக்காமல் போனாய். அந்தப் பானையை யாரும் தொடவில்லை, மாடுகளுக்குப் போட்டோம்.

மாடிக்குப் போனேன். ஆணியில் மாட்டியிருந்த பிடிவலை தரையில் கிடக்கிறது. நான் அதை மூணாம் கூண்டுப் பக்கம் கொண்டுபோனதே இல்லை, அவனுக்கு அது தேவைப்பட்டதில்லை. கீழே சிவப்பு இறகு கிடக்கிறது. வாலிலிருந்து விழுந்தது. அவன் உடம்பு நடுங்குகிறது. நான் கிட்டே போனதும், மூஞ்சிக்குப் பாய்கிறவன், பெட்டிக்குள் போய்விட்டான்.

வலை போட்டுப் பிடிக்கப் பார்த்திருக்கிறாய். அவன் உன்னிடம் வரவில்லை, அந்த ஆத்திரம். பந்தயத்தில் தோற்றாய், அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்கு ரோஷம். அதனால் ஓடினாய். உன் வேப்பங்குச்சிக் கூண்டு மாடிப்படியில் இன்னும் கிடக்கிறது. எடுத்துக்கொள்ள ஆள் அனுப்பு.

குஞ்சு ரெண்டும் உயிரோடு இருக்கிறது. நீ கேட்கமாட்டாய் என்றாலும் எழுதுகிறேன்.

அஞ்சலாட்சி


ஓசூர்
28.1.2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தமிழ்மாறன், "இப்பவாவது போன் பண்ணி இன்னா நடந்துச்சுன்னு சொல்லிடு" என்றார். பண்ணவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீ நினைத்தது தப்பு. பந்தயத்தில் நான் ஜெயித்தேன்.

தனியாக ஏறியது என் தப்புதான், மறுக்கவில்லை. வாசல் வரை வந்துவிட்டு, நீ கோலத்துக்குப் பக்கத்தில் கரும்பை நிறுத்துகிற வரை பொறுத்தேன், அதற்கு மேல் கால் நிற்கவில்லை. ஆனால் வாய் திறக்கவில்லை அக்கா, சத்தியம். படிக்கட்டில் முந்தானையைக் கடித்துக்கொண்டு ஏறினேன். நாலு கூண்டும் காலி போலக் கிடந்தது, எல்லாம் பெட்டிக்குள். மூணாம் கூண்டில் மட்டும் அவன் வெளியே கம்பியில் இருந்தான். ஒரு கண்ணால் பார்த்தான். தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தான். அப்புறம் சொன்னான். "ஏட்டய்யா, டீ போட்டாச்சா." என் குரலிலேயே சொன்னான்.

ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று எழுதியிருந்தாயே, எனக்குப் பேசினான்.

கம்பியிலிருந்து இறங்கி ஓடி வந்து வலையில் தலையை அழுத்தி, கழுத்து முடியைச் சிலிர்த்துக் கோதச் சொன்னான். நான் விரல் விடவில்லை. அழுதுகொண்டு நின்றேன். அப்போது அவன் தலையை மேலும் கீழும் ஆட்டி, வயிற்றிலிருந்து இரையைக் கக்கி, கம்பி வழியாக எனக்கு நீட்டினான். எனக்கு அக்கா! நீ முளைகட்டி வைத்த பயறு. அது குஞ்சுகளுக்குக் கொண்டுபோக வேண்டியது. நான் வாங்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கக்கினான். பெட்டிக்குள் குஞ்சுகள் பசியில் கத்துகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. அவனுக்கும் கேட்கும், ஆனால் காதில் வாங்கவில்லை. கடைசியில் அவள் வெளியே வந்தாள், நகம் இல்லாத அந்தக் காலோடு. இரை கேட்டு அவன் பக்கத்தில் வந்து தலையைத் தாழ்த்தினாள். அவன் திரும்பி வாயைப் பிளந்துகொண்டு அவள்மேல் போனான். அவள் பெட்டி வாயில் ஒட்டிக்கொண்டு கத்தினாள். உள்ளே ரெண்டும் கத்துகிறது. அவன் அவளைக் கடிக்கப் போவதும், திரும்பி என்னைப் பார்ப்பதும், உனக்காகத்தான் இதெல்லாம் செய்கிறேன் என்கிற மாதிரி இருந்தது.

நீ தீபாவளிக்கு மறுநாள் பார்த்தது இதுதானே. எழுத்தில் படித்தபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது, சொல்கிறேன், வெட்கமில்லை. நேரில் பார்த்தபோது அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

கூண்டைத் திறந்தால் தோளுக்கு வந்திருப்பான். பத்து நிமிஷத்தில் பஸ் ஸ்டாண்டில் இருந்திருப்போம். திறக்காமல் சும்மா இறங்கி வந்திருந்தாலும், அவன் நாள் முழுக்க வலையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடியிருப்பான், அவளைக் கடித்திருப்பான். நான் இருந்தாலும் கேடு, போனாலும் கேடு. அவன் என்னைத் தேடாதபடி விட்டுவிட்டு வர ஒரே வழிதான் இருந்தது. உன் பிடிவலை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எடுத்தேன். கூண்டின்மேல் ஓங்கி அடித்தேன். "போடா! போ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன், ஆமாம், வாயைத் திறந்துவிட்டேன், என் குரல் அவனுக்குப் பயமாகட்டும் என்றுதான் திறந்தேன். அவன் நம்பவில்லை. வலையை இன்னும் கிட்டே கொண்டுபோய் ஆட்டினேன். விழுந்தான், அலறினான், வால் இறகு கம்பியில் மாட்டிப் பிய்ந்தது. நான் நிறுத்தவில்லை. அவன் பறந்து பெட்டி வாயில் போய் ஒட்டிக்கொள்ளும் வரை அடித்தேன்.

அப்புறம் வலையைக் கீழே போட்டுவிட்டு ஒரு அடி முன்னால் வைத்தேன். பெட்டி வாயை அடைத்துக்கொண்டு உடம்பெல்லாம் சிலிர்த்து என்னைப் பார்த்து உறுமினான் அக்கா. சிரிஞ்சில் ஊட்டிய இந்தக் கையைப் பார்த்து. இன்னொரு அடி வைத்தேன், உள்ளே போய்விட்டான். அவளும் உள்ளேதான் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் கத்துவது நின்று, தின்கிற சத்தம் வந்தது. அதைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

இந்த முகத்தோடு உன் அடுப்படியில் வந்து நின்றால், நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் உடைந்து திரும்ப மாடிக்கு ஓடியிருப்பேன். அதனால்தான் ஓடினேன், பொங்கலை வேண்டாம் என்று போகவில்லை. திண்டிவனம் வரை அழுதேன், பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் கொடுத்தார். திண்டிவனம் தாண்டியதும் என்ன தோன்றியது தெரியுமா? இதை நீ செய்திருக்க முடியாது. மாமா செய்திருக்க முடியாது. உங்களிடம் அவனுக்கு எப்போதும் பயம் வராது, கோபம்தான் வரும். நம்பிக்கை கொடுத்த ஆளால்தான் அதைத் திரும்ப எடுக்க முடியும். அதை நான் ஒரே மூச்சில் செய்துவிட்டு வந்தேன். என் ஆயுசில் நான் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். தலை நிமிர்ந்துதான் ஓசூரில் இறங்கினேன்.

போன் ஏன் பண்ணவில்லை என்றால், அவன் இன்னும் என் குரலுக்கு எந்தப் பக்கம் திரும்புவான் என்று நமக்குத் தெரியாது. குஞ்சுகள் வெளியே வரட்டும். அது வரை என் குரல் அந்த வீட்டில் கேட்க வேண்டாம். இது நான் சொல்கிறேன், நீ சொல்லவில்லை.

மாலா


நெல்லித்தோப்பு
16.3.2025

என் தங்கமான மாலாவுக்கு,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. நாலு முறை எழுத உட்கார்ந்தேன். வலை போட்டுப் பிடிக்கப் பார்த்தாய் என்று எழுதிய அதே கையால் என்ன எழுதுவது? எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. மாமா உன் கடிதத்தைச் சத்தமாக எனக்கு இன்னொரு தரம் படித்தார். "உன் தங்கச்சி இன்னாமா ஆளு" என்றார். அப்புறம் ஹெல்மெட்டைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிட்டார். அது இப்போது தேவைப்படுவதில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் அவன் முதலில் அவளை உள்ளே தள்ளுகிறான், அப்புறம் தானும் போகிறான்.

குஞ்சு வெளியே வந்துவிட்டது. பெரியது புதன்கிழமை, சின்னது நேற்று. பெரியதற்கு உடம்பு அவள் போல, மூஞ்சி உன் ஏட்டு. நீ ஒரு தரம் எழுதிக் கேட்டாய், அதனால் சொல்கிறேன். நான் ஒன்றையும் கையால் தொடவில்லை. ஒரு வாய் ஊட்டவில்லை. முழுக்கத் தாய் தகப்பன் வளர்த்தது. என் மாடியில் இது முதல் முறை. நீ இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்பதைக் காகிதத்தில் எழுதிக் கீழே கையெழுத்தும் போடுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள், சண்டை வந்தால் எடுத்துக் காட்டலாம்.

இன்று காலை உப்பளத்திலிருந்து இராமதாஸ் வந்திருந்தார். நமக்கெல்லாம் முன்னாலேயே கிரே வளர்த்தவர். யாரையும் பாராட்டாத மனுஷன். மூணாம் கூண்டில் ஆண் கையால் ஊட்டி வளர்த்தது என்று எவனோ சொல்லியிருக்கிறான், நம்பாமல் பார்க்க வந்தார். படிக்கட்டில் மறைந்து நின்று பார்த்தோம். ஏட்டு பயறை எடுத்து முதலில் அவளுக்குக் கொடுத்தான், அப்புறம் சின்னதுக்குக் கொடுத்தான். பெரியது பிடுங்கித் தின்னப் பார்த்தது, அதட்டி ஓரத்துக்கு அனுப்பினான். இராமதாஸ் தும்மினார். ஒரு நொடியில் நாலும் பெட்டிக்குள் போய்விட்டது, கடைசியாகப் போனது அவன்தான்.

"தோள் கிளி இப்படி ஆவாதே. கடிச்சுக் கொதறிடுமே. யார் பழக்குனது, நீயா?" என்றார்.

என் தொழிலில் இத்தனை வருஷமாக அவர் வாயிலிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன் மாலா. வந்தது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"நான் இல்லீங்க. என் தங்கச்சி."

அக்கா